மூன்று சீடி, ஒரே சுராங்கனி

மேசையில் மூன்று சீடிகள் கிடக்கின்றன. மூன்றும் கொழும்பு வெள்ளவத்தையில், காலி வீதிக் கடைகளில், வெவ்வேறு காலத்தில் வாங்கியவை. மூன்றின் மட்டையிலும் இலங்கைப் பொப் பாடகர் ஏ. ஈ. மனோகரனின் படம். மூன்றிலும் ‘சுராங்கனி’ பாட்டு இருக்கிறது. ‘டிஜிட்டல் ரீமாஸ்டர்’ என்ற சொல்லும் மூன்றிலும் இருக்கிறது, எழுத்தின் பருமன்தான் வேறு. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, கரையோர ரயில் ஒன்று போய் அடுத்தது வருவதற்கிடையில், ஜன்னலைச் சாத்திவிட்டு மூன்றையும் அடுத்தடுத்துப் போட்டுக் கேட்டேன்.

முதலாவதில் பாட்டு தொடங்க முன்பே ஒரு மெல்லிய சீறல். அதன்மேல்தான் பாட்டு வருகிறது. இரண்டாவதில் சீறல் அறவே இல்லை. ஆனால் பாடகர் தலையணை ஒன்றை முகத்தருகே வைத்துக்கொண்டு பாடுவதுபோல் இருக்கிறது. மூன்றாவதைப் போட்டதும் எழுந்து ஓடிப்போய்ச் சத்தத்தைக் குறைக்க வேண்டியதாயிற்று. பக்கத்து அறையில் இருந்த மருமகன் எட்டிப்பார்த்தான். “மாமா, இதுதான் திறம். மற்ற ரெண்டும் சும்மா” என்றான்.

அவனைக் குற்றம் சொல்ல முடியாது. பத்துப் பேரைக் கூட்டி வைத்துக் கேட்டால் ஒன்பது பேர் அப்படித்தான் சொல்வார்கள். ஏன் அப்படிச் சொல்வார்கள், அதை ஏன் உடனே நம்பக்கூடாது, மட்டையில் உள்ள அந்தச் சொல் உண்மையில் எதைச் சொல்கிறது என்பதைக் கொஞ்சம் ஆறுதலாகப் பார்க்கலாம். பழைய பொப் பாடல் தொகுப்பு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ‘இதை வாங்கலாமா’ என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். கேட்பவர்களில் பாதிப் பேர் கனடாவிலிருந்து விடுமுறைக்கு வந்தவர்கள் என்பது வேறு விஷயம்.

முதலில் மாஸ்டர் செய்வது என்றால் என்ன? பாட்டு ஒலிப்பதிவாகி, குரலும் வாத்தியங்களும் கலந்து, ஒரு ரேப்பில் முடிந்த வடிவில் இருக்கிறது. அதை அப்படியே இசைத்தட்டில் வெட்ட முடியாது. தட்டின் பள்ளத்தில் கீழ்ச்சுரம் அகலமான நெளிவாக விழும். அது அளவு மீறினால் ஊசி துள்ளிப் பக்கத்துப் பள்ளத்துக்குப் போய்விடும். ஆகவே வெட்டும்போது கீழ்ச்சுரத்தைக் குறைத்து மேல்ச்சுரத்தைக் கூட்டுவார்கள். வீட்டில் கேட்கும் கருவி அதைத் திருப்பிச் சரிசெய்யும். எவ்வளவு குறைப்பது, எவ்வளவு கூட்டுவது என்பதற்கு 1954இல் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் வகுத்த ஒரு வளைகோடுதான் உலகத்துக்கே பொது விதியாயிற்று. இதோடு ஒரு பாட்டுக்கும் அடுத்த பாட்டுக்கும் சத்தம் ஒத்துப்போக வேண்டும், பாட்டுகளுக்கிடையே இடைவெளி வேண்டும். இந்தக் கடைசி வேலைதான் மாஸ்டர் செய்வது. இதையே பல வருடம் கழித்து, வேறொரு வடிவத்துக்காக, மறுபடி செய்வது ரீமாஸ்டர்.

இதில் யாரும் புதிதாகப் பாடுவதில்லை, வாசிப்பதில்லை. ‘கிற்றாரை மட்டும் கொஞ்சம் தூக்கிவிட்டிருக்கலாமே’ என்று பலர் கேட்பார்கள். அது ரீமிக்ஸ். அதற்குக் குரலும் வாத்தியங்களும் தனித்தனித் தடங்களில் இருக்க வேண்டும். 1970களின் தொடக்கத்தில் கொழும்பில் பொப் பாட்டுப் பதிவு என்றால் பெரும்பாலும் பாடகரும் குழுவும் ஒரே அறையில் நின்று, சில மைக்குகளுக்கு முன்னால் ஒன்றாக வாசித்து, அந்த இடத்திலேயே கலந்து முடிப்பதுதான். கலந்ததைப் பிரிக்க முடியாது. அண்மைக் காலத்தில் கணினி கொண்டு பிரித்துப் பார்க்கிறார்கள் என்பது உண்மை. ஆனால் ஐந்நூறு ரூபாய்ச் சீடிக்கு யாரும் அதைச் செய்வதாக நான் நினைக்கவில்லை.

இன்னொரு குழப்பமும் உண்டு. தமிழ்நாட்டில் வாங்கிய தொகுப்பில் ‘சுராங்கனி’ இருந்தால் அது நம் பாட்டுத்தான் என்று எண்ணிவிடக் கூடாது. 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்துக்காக இளையராஜா அந்த மெட்டை எடுத்தாண்டார். பாடியவர் மலேசியா வாசுதேவன். நல்ல பதிவு, ஆனால் வேறு பதிவு. அதையும் மனோகரனுடையதையும் பக்கத்தில் வைத்து ‘எது தெளிவாக இருக்கிறது’ என்று ஒப்பிட்டு ஒருவர் என்னோடு அரைமணி நேரம் வாதாடியிருக்கிறார். பாடுபவர் யார் என்று முதலில் கேளுங்கள் அண்ணை என்று சொல்ல எனக்கு அப்போது மனம் வரவில்லை.

சரி, ரீமாஸ்டர் என்பது கடைசி வேலையை மறுபடி செய்வது. எதிலிருந்து செய்வது? எல்லாம் இங்கேதான் இருக்கிறது. மட்டையில் இதைத்தான் எழுதுவதில்லை.

தேங்காய்ப்பால் பிழிவதை நினைத்துக்கொள்ளுங்கள். முதற்பால் கெட்டியாக வரும். அதே பூவில் தண்ணீர் விட்டுப் பிழிந்தால் இரண்டாம் பால். பிறகு கப்பிப்பால். ஸ்ரூடியோவில் பதிந்த ரேப் முதற்பால். அதிலிருந்து எடுத்த பிரதி இரண்டாம் பால். பிரதியிலிருந்து வெட்டிய தட்டு, தட்டிலிருந்து பதிந்த கசெட், கசெட்டிலிருந்து பதிந்த கசெட் என்று போகப்போக நீர்த்துக்கொண்டே வரும். ஒவ்வொரு பிரதியிலும் சீறல் கொஞ்சம் ஏறும், மேல்ச்சுரம் கொஞ்சம் தேயும். கப்பிப்பாலில் உப்பும் புளியும் எவ்வளவு போட்டாலும் முதற்பாலின் சொதி வராது என்று எந்த அம்மாவுக்கும் தெரியும். கப்பிப்பாலை டிஜிட்டல் சட்டியில் ஊற்றிவைத்து விற்றால் மட்டும் ஏனோ நாம் நம்பிவிடுகிறோம்.

எண்ணிக்கையில் சொன்னால் இன்னும் விளங்கும். ஸ்ரூடியோ ரேப் ஒரு விநாடிக்கு 38 சென்ரிமீற்றர் ஓடும். வீட்டுக் கசெட் ஓடுவது 4.76 சென்ரிமீற்றர். எட்டில் ஒரு பங்கு வேகம். கசெட் ரேப்பின் அகலமோ 4 மில்லிமீற்றருக்கும் குறைவு. அதற்குள் இரண்டு பக்கமும், பக்கத்துக்கு இரண்டு தடமுமாக நான்கு தடங்கள். ஒரு பாட்டு நுணுக்கமாகப் படிய இருக்கும் இடமே அவ்வளவுதான்.

அப்படியென்றால் முதற்பாலை எடுக்கவேண்டியதுதானே? எடுக்கலாம், இருந்தால். நம் தமிழ்ப் பொப் பாடல்களின் காலம் 1960களின் பிற்பகுதியிலிருந்து 1980களின் தொடக்கம் வரை என்று வைத்துக்கொள்ளலாம். நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’, மனோகரனின் பாட்டுகள், இன்னும் பலருடையவை. சிங்களத்தில் கிளாரன்ஸ் விஜேவர்த்தனவும் ஜெரால்ட் விக்ரமசூரியவின் ‘சூரிய’ இசைத்தட்டுகளும் கொடிகட்டிப் பறந்த அதே காலம். வெளிவந்தவை பெரும்பாலும் 45 சுற்றுச் சிறு தட்டுகள். 1977க்குப் பிறகு பொருளாதாரம் திறந்துவிடப்பட, யப்பானியக் கசெட் பெட்டிகள் வந்து குவிந்தன. தட்டு போடும் தொழில் படுத்தது. தட்டே விலைபோகாத காலத்தில் அந்தத் தட்டை வெட்டிய ரேப்பை யார் பத்திரப்படுத்துவார்கள்?

வைத்திருந்தவர்களுக்கும் கடல் எதிரி. வெள்ளவத்தையில் ஒரு சைக்கிளை ஒரு வருடம் வெளியே விட்டுப்பாருங்கள், நான் சொல்வது விளங்கும். ரேப்பின் காந்தத்தூளைப் பிடித்துவைத்திருக்கும் பசை ஈரக்காற்றை உறிஞ்சும். 1970களின் நடுப்பகுதிக்குப் பிறகு வந்த சில ரேப் வகைகளில் இது மிக மோசம். பசை இளகி, ஓடவிட்டால் ரேப் ஹெட்டில் ஒட்டிக்கொண்டு கீச்சிடும். கபில நிறப் பொடி கொட்டும். கொட்டுவது பாட்டுத்தான். இதற்கு வைத்தியம் உண்டு. ஐம்பது பாகை செல்சியஸுக்குச் சற்று மேலே, சீரான சூட்டில் பல மணி நேரம் ரேப்பை வாட்டி எடுத்தால் சில வாரங்களுக்கு அது உலர்ந்து நிற்கும். அதற்குள் ஓடவிட்டுப் பிரதி எடுத்துவிட வேண்டும். ஆனால் அது தெரிந்த கை வேண்டும், கருவி வேண்டும், காசு வேண்டும்.

பிறகு 1983. கொட்டாஞ்சேனையிலிருந்து வடக்கே போய்க் களனி ஆற்றைத் தாண்டினால் ஹெந்தளை. அங்கே கே. குணரத்தினத்தின் விஜயா ஸ்ரூடியோ இருந்தது. அந்த ஜூலைத் தமிழர் எதிர்ப்புக் கலவரத்தில் அது எரிந்தபோது சிங்களப் படங்கள் பலவற்றின் நெகற்றிவ்கள் எரிந்தன. படத்தின் பெயர் இருந்தால் கணக்குச் சொல்லலாம். வெள்ளவத்தையிலும் மற்ற இடங்களிலும் எரிந்த வீடுகளின் அலுமாரிகளில் இருந்த தட்டுகளுக்கு யாரிடம் கணக்கு இருக்கிறது? ஆகவே ‘மூல ரேப்பிலிருந்து’ என்று எழுதாத ஒரு தொகுப்பு, யாரோ ஒருவர் வீட்டில் தப்பிய தட்டிலிருந்தோ கசெட்டிலிருந்தோ வந்தது என்று எடுத்துக்கொள்வதே புத்தி.

அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நன்றாகக் கழுவிய, தேயாத தட்டு ஒன்றிலிருந்து, நல்ல ஊசி போட்டு எடுத்த பிரதி மிக அழகாக இருக்கும். என் முதலாவது சீடி அப்படி வந்ததென்றே நினைக்கிறேன். சீறலுக்கிடையே ஒழுங்கான இடைவெளியில் ஒரு ‘டிக்’ கேட்கிறது. பத்து விநாடிக்குப் பதினைந்து தரம். 45 சுற்றுத் தட்டில் குறுக்கே ஒரு கீறல் இருந்தால் நிமிடத்துக்கு 45 தரம், பத்து விநாடிக்கு ஏழெட்டுத் தரம்தான் கேட்க வேண்டும். ஆகவே ஒன்றுக்கு இரண்டு கீறல். மட்டை மறைத்ததைத் தட்டே சொல்லிவிட்டது.

கசெட்டும் இப்படித் தன்னைக் காட்டிக்கொடுக்கும். ‘ரெக்கோடிங் பார்’ என்று நாம் சொன்ன கடைகள் ஞாபகம் இருக்கும். ஒரு கொப்பித் தாளில் பாட்டுகளின் பட்டியலை எழுதிக்கொண்டு போய், அறுபது நிமிடக் கசெட்டா தொண்ணூறா என்று சொல்லிவிட்டு, இரண்டு நாள் கழித்துப் போனால் பதிந்து வைத்திருப்பார்கள். கையெழுத்து அழகான ஒருவர் அட்டையில் பாட்டுப் பெயர்களை எழுதித் தருவார். அந்தக் கடைகளில் இருந்த பொறிகள் காலையிலிருந்து இரவுவரை ஓடியவை. ஹெட்டின் பக்கத்தில் சின்னத் திருகாணி ஒன்று இருக்கும். அது மயிரிழை அளவு அசைந்து ஹெட் சாய்ந்துவிட்டால் மேல்ச்சுரம் போய்விடும். பதிந்த பொறியும் சாய்ந்து, பின்னாளில் சீடிக்காக ஓடவிட்ட பொறி வேறு பக்கம் சாய்ந்திருந்தால் தலையணைச் சத்தம்தான் வரும். சீடிக்கு மாற்றுபவர் அந்தத் திருகாணியைத் திருப்பி, சத்தம் மிகத் தெளிவாகும் இடத்தில் நிறுத்திவிட்டுப் பதிந்தால் போதும். ஒரு நிமிட வேலை. என் இரண்டாவது சீடியில் அந்த ஒரு நிமிடத்தை யாரும் செலவழிக்கவில்லை.

அதற்குமேல் சீறலையும் துடைத்திருக்கிறார்கள். சீறலை அகற்றும் மென்பொருள் என்ன செய்கிறது? பாட்டில்லாத இடத்தில் சீறலின் ‘மாதிரி’ ஒன்றை எடுத்துக்கொண்டு, பாட்டு முழுவதிலும் அதைப்போல் இருப்பதைக் குறைக்கிறது. சிக்கல் என்னவென்றால், பாடகர் அடுத்த அடிக்கு இழுக்கும் மூச்சும் சீறலைப் போலத்தான். ‘ச’வும் ‘ஸ’வும் அப்படித்தான். சிம்பல் அடித்த பின் காற்றில் கரையும் வாலும், அறைச் சுவரில் பட்டுத் திரும்பும் மெல்லிய எதிரொலியும் அப்படித்தான். மென்பொருளுக்கு மூச்சும் சீறலும் ஒன்று. கொஞ்சமாக எடுத்தால் யாருக்கும் தெரியாது. முழுக்க எடுத்தால் பாடகர் மூச்சு விடாமல் பாடுகிறார், அடிகளுக்கிடையே குழியில் விழுந்ததுபோல் ஒரு மௌனம். அந்த மௌனத்தைத்தான் ‘க்ளீன்’ என்று விற்கிறார்கள்.

பீற்றில்ஸின் பாட்டுகள் அனைத்தையும் 2009 செப்ரெம்பரில் ரீமாஸ்டர் செய்து வெளியிட்டார்கள். அபி றோட் ஸ்ரூடியோவில் மூல ரேப்புகள் கையிலேயே இருந்தன. நான்கு வருட வேலை. உலகத்தில் உள்ள எந்தக் கருவியையும் வாங்கக்கூடிய வசதி. மொத்தம் 525 நிமிட இசை. அதில் சீறல் நீக்கும் கருவியைப் பயன்படுத்தியது ஐந்து நிமிடத்துக்கும் குறைவான பகுதியில்தான் என்று அவர்களே சொன்னார்கள். மற்ற இடங்களில் சீறலைச் சீறலாகவே விட்டார்கள். முதற்பால் வைத்திருந்தவர்களே அவ்வளவு தயங்கினார்கள்.

இனி மூன்றாவது சீடி. மருமகனுக்குப் பிடித்தது.

சீடியில் சத்தத்துக்கு ஒரு கூரை உண்டு. ஒரு விநாடியை 44,100 துண்டாக்கி, ஒவ்வொரு துண்டின் உயரத்தையும் 16 பிற்றில் எழுதுகிறது சீடி. அதனால் மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே சுமார் 96 டெசிபெல் இடம் கிடைக்கிறது. கூரைக்கு மேலே ஒன்றும் எழுத முடியாது. அப்படியென்றால் ஒரு சீடி மற்றதைவிட எப்படி உரக்கக் கேட்கிறது? உரத்த இடங்களைக் கூரையோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, மெல்லிய இடங்களை எல்லாம் மேலே தூக்குவதால். கணினியில் போட்டுப் பார்த்தால் கண்ணுக்கே தெரியும். முதலாவது சீடியின் அலை பனந்தோப்பு மாதிரி மேலும் கீழுமாக இருக்கிறது. மூன்றாவது, கத்தி வைத்து மட்டம் தட்டிய பூவரசம் வேலி. பாட்டு தொடங்கி முடியும்வரை ஒரே உயரம்.

இது ஏன் காதுக்கு ‘திறம்’ என்று படுகிறது? நம் காதின் குணம் அது. பிளெச்சர், மன்சன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் 1933இலேயே இதை அளந்து காட்டிவிட்டார்கள். சத்தம் குறைவாக இருக்கும்போது காதுக்குக் கீழ்ச்சுரமும் உச்ச மேல்ச்சுரமும் சரியாக எட்டாது. சத்தம் கூடக்கூட அவை எழுந்து வரும். ஆகவே ஒரே பாட்டைச் சற்று உரக்க வைத்தால் காது ‘சத்தம் கூடிவிட்டது’ என்று சொல்லாது. ‘பேஸ் நன்றாக இருக்கிறது, தெளிவாக இருக்கிறது’ என்றுதான் சொல்லும். வானொலிப் பெட்டி விற்ற பழைய வியாபாரிகளுக்கு இந்த ஆய்வெல்லாம் தெரியாது. ஆனால் விற்க நினைத்த பெட்டியின் குமிழை வாடிக்கையாளர் பார்க்காதபோது கொஞ்சம் கூட்டிவைக்கத் தெரியும்.

மருந்து இலேசானது. உரத்த சீடியின் சத்தத்தைக் குறைத்து, மற்றதன் அளவுக்குக் கொண்டுவந்துவிட்டுக் கேளுங்கள். குரலை அளவாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் குரல் அதே தூரத்தில் நிற்பதுபோல் இருக்க வேண்டும். மருமகனைக் கூப்பிட்டு இப்படித்தான் செய்தேன். மூன்றாவதுக்குக் குமிழை மூன்று கோடு இறக்க வேண்டியிருந்தது. எது எந்தச் சீடி என்று சொல்லாமல் மாற்றி மாற்றிப் போட்டேன். இரண்டாம் சுற்றில் அவன் முகம் சுளித்தான். “இதில ட்ரம் அடிக்கிற மாதிரி இல்ல, தட்டுற மாதிரி இருக்கு” என்றான்.

சரியாகச் சொன்னான். தோலில் கை விழும் அந்த முதற்கணம் மற்ற எல்லாவற்றையும்விட உயரமாக எழும். நூறில் ஒரு பங்கு விநாடிகூட நிற்காது. மட்டம் தட்டும்போது முதலில் போவது அந்தத் தலைதான். இந்தப் பைலா ஆட்டப் பாட்டின் துள்ளல் அந்த எழுச்சியில்தான் இருக்கிறது. எழுச்சியைச் சீவிவிட்டால் தாளம் இருக்கும், ஆட்டம் இருக்காது. ‘சுராங்கனி’ கேட்டும் கால் அசையவில்லை என்றால் வயதைக் குறை சொல்லாதீர்கள். சீடியையும் ஒருமுறை சந்தேகியுங்கள்.

இந்த நோய் நம்மோடு நிற்கவில்லை. மெற்றாலிக்கா குழுவின் 2008 இசைத்தட்டு ‘டெத் மக்னற்றிக்’ அவ்வளவு நசுக்கப்பட்டிருந்ததால், அதே பாட்டுகள் ஒரு வீடியோ விளையாட்டில் நசுங்காமல் வந்ததைக் கண்டுபிடித்த இரசிகர்கள் விளையாட்டிலிருந்தே பாட்டைப் பிரித்தெடுத்துக் கேட்டார்கள். இப்போது இணைய இசைச் சேவைகள் எல்லாப் பாட்டையும் ஏறத்தாழ ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்கவிடுகின்றன. அங்கே நசுக்கி ஒரு இலாபமும் இல்லை. சீடித் தொகுப்பு செய்பவர்களுக்கு அந்தச் செய்தி இன்னும் எட்டவில்லைப்போலும்.

நியாயத்துக்கு ஒன்று சொல்ல வேண்டும். 100ஆம் இலக்கப் பஸ்ஸில் பாணந்துறையிலிருந்து கோட்டைப் பக்கம் வருபவருக்கு முதலாவது சீடி உதவாது. எஞ்சின் இரைச்சலில் மெல்லிய இடங்கள் எல்லாம் மூழ்கிவிடும். நசுக்கிய பாட்டுத்தான் அங்கே கேட்கும். சாரதிக்கு மூன்றாவது சீடி சரி. வீட்டுக் கதிரையில் இருந்து கேட்பவருக்கு அதையே ‘உயர்தரம்’ என்று விற்பதுதான் பிழை.

ஒரே பாட்டைப் பற்றி இரண்டு பேர் சண்டை பிடிப்பதற்கு இன்னொரு காரணம், ஞாபகம். கொட்டாஞ்சேனையில் ஒரு பெரியவர் எனக்குப் பழக்கம். ஜம்பட்டா வீதிப் பக்கம் குடியிருந்தவர். இந்தப் பாட்டுகளை முதலில் கேட்டது இலங்கை வானொலியின் தமிழ்ச் சேவையில், பலகை போட்ட பெரிய வானொலிப் பெட்டியில். அவருக்கு முதலாவது சீடியைப் போட்டுக் காட்டினேன். தலையை ஆட்டினார். “இது கீச்செண்டு இருக்கு தம்பி. அந்த நாளில் இப்பிடி இல்லை.” இரண்டாவதைப் போட்டதும் கண்ணை மூடிக்கொண்டார். “இதுதான்.”

அவர் சொன்னதும் பொய்யில்லை. மத்திய அலையில் வந்த பாட்டில், அந்தக்கால வானொலிப் பெட்டிகளில், ஐயாயிரம் ஹேர்ட்ஸுக்கு மேலே பெரிதாக ஒன்றும் வராது. சிம்பலின் மினுக்கமும் ‘ஸ’வின் கூர்மையும் அதற்கு மேலேதான் இருக்கின்றன. தட்டில் இருந்தது, ஒலிபரப்பில் போய்விட்டது. அவருடைய ‘ஒறிஜினல்’ கொழும்பின் ஒலிபரப்புக் கோபுரத்தில் வடிகட்டியது. இரண்டாவது சீடி வேறு காரணத்தால் மங்கியது, ஆனால் மங்கிய அளவு தற்செயலாக ஒன்று. அவருக்கு அந்தச் சீடியைக் கொடுத்துவிட்டு வந்தேன். அவருடைய இருபது வயதோடு நான் போட்டிபோட முடியாது. ஆனால் சீடியின் தரத்தைத் தீர்மானிக்க ‘நான் அன்று கேட்டது போல் இருக்கிறதா’ என்ற கேள்வியை அளவுகோலாக்க முடியாது என்பது அன்று எனக்கு நன்றாக விளங்கியது.

சின்னச் சின்னக் குற்றங்களும் உண்டு. ரேப் வேகமாக ஓடிய பிரதியில் சுருதி ஏறியிருக்கும். ஒரு முழு அரைச்சுரம் ஏற ஆறு வீதம் வேகம் கூடினால் போதும். குரல் சற்று இளமையாக, அவசரமாகக் கேட்கும். கீபோட் ஒன்று வீட்டில் இருந்தால் பாட்டோடு சேர்த்து ஒரு சுரத்தை அழுத்திப்பாருங்கள். இரண்டு கட்டைகளுக்கு நடுவே பாட்டு நின்றால் வேகம் பிழையாக இருக்கலாம். மோனோவில் பதிந்த பாட்டை இடது வலதாகப் பிரித்து ‘ஸ்ரீரியோ’ ஆக்கியிருந்தால் ஹெட்போனில் குரல் மண்டைக்குள் நிற்காமல் பக்கவாட்டில் கரைந்து திரியும். மோனோ குறை இல்லை. நேர்மையான மோனோவில் குரல் நடுவில் ஆணி அடித்ததுபோல் நிற்கும். பழைய பாட்டின்மேல் புதிய மேளம் ஒன்றை ஏற்றி விற்கும் பழக்கம் பற்றி எழுத எனக்குப் பொறுமை இல்லை.

எம்பி3ஐ மட்டும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். இன்று மலிவுத் தொகுப்புகளில் பல, இணையத்திலிருந்து இறக்கிய எம்பி3 கோப்பைச் சீடியாக எழுதியவை என்பது என் அனுமானம். காது அதைத்தான் சொல்கிறது. 128 கிலோபிற் எம்பி3இல் ஏறத்தாழ 16,000 ஹேர்ட்ஸுக்கு மேலே வெட்டிவிடுவார்கள். அதைச் சீடியில் எழுதினால் வெட்டியது திரும்பி வராது. சிம்பல் ‘ஸ்ஸ்ஸ்’ என்று நீளாமல் தண்ணீருக்குள் சலசலப்பதுபோல் இருந்தால், கைதட்டல் பொரி அரிசி கொட்டுவதுபோல் இருந்தால், அந்தச் சீடிக்குக் காசு கொடுப்பது வீண்.

வெளியிடுபவர்களிடம் கேட்கவேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. மட்டையில் மூன்று வரி. எதிலிருந்து எடுத்தீர்கள், ரேப்பா, தட்டா, கசெட்டா? எந்த வருடப் பதிவு? யார் மாற்றினார்கள்? ‘45 சுற்றுத் தட்டிலிருந்து, கீறலோடு’ என்று எழுதிய ஒரு மட்டையை நான் இன்னும் வெள்ளவத்தையில் காணவில்லை. கண்டால் இரண்டு வாங்குவேன். பிரான்சின் அக்குபோன் நிறுவனம் நம் சிங்கள, தமிழ்ப் பொப் பாடல்களைத் தொகுத்து எல்பியாகவே வெளியிட்டிருக்கிறது. நாம் பழைய இரும்புக்காரனுக்குப் போட்ட தட்டுகளுக்கு வெளியில் கேட்பவர்கள் இருக்கிறார்கள். மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். அவர் காலத்தவர்களில் இருப்பவர்கள் சிலர்தான். எந்தப் பதிவு எங்கே, யாருடன், எத்தனை மைக்கில் நடந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ள வேண்டியது இப்போதுதான்.

போன கிழமை மருமகன் ஒரு தட்டோடு வந்தான். சிநேகிதனின் அப்பம்மா வீட்டுப் பரணில் இருந்ததாம். உறை இல்லை, ஓரத்தில் பூஞ்சணம். தண்ணீரில் ஒரு துளி பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, பஞ்சால் பள்ளத்தின் போக்கிலேயே துடைத்து, நடுவில் உள்ள கடதாசி நனையாமல் பார்த்து, விசிறிக்குக் கீழே நிறுத்தி வைத்திருக்கிறோம். என்னுடைய பொறிக்குப் புதிய ஊசி வரவேண்டும். அதுவரை போடாதே என்று சொல்லியிருக்கிறேன்.